மேசை எண்ணிக்கை

மாநாட்டின் இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மூன்றாம் எண் அறையில் கூடியிருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும் வருமாறு: நீள மேசையின் தலைமாட்டில் அமர்வுத் தலைவர், பல்கலைக்கழக நூலகம் ஒன்றை இருபத்தெட்டு வருஷம் கட்டி ஆண்டுவிட்டு ஓய்வு பெற்ற அம்மையார், முன்னால் ஒரு கைமணி. அவருக்கு வலது பக்கம், எழுந்து பேசத் தோதாக நாற்காலியைப் பாதி திருப்பிப் போட்டுக்கொண்டு தலைமை நூலகர். இடது பக்கம் முதல் நாற்காலியில் மென்பொருள் நிறுவனத்துப் பெண், லேப்டாப்பைத் திறந்து வைத்தபடி. அவளுக்கு அடுத்து நடமாடும் நூலக வண்டியை நடத்துகிறவர். எந்தக் கூட்டத்திலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் எழுந்து போகாத ஆள். பிறகு இரு பக்கமும் மும்மூன்று பேராக வெளியூர் நூலகர்கள், சாப்பாட்டுக்குப் பிந்தைய கண்களோடு. கதவை ஒட்டிய நாற்காலியில், பையை மடியிலிருந்து இறக்காமல், நூலக இயக்ககத்தின் இணை இயக்குநர். நாலே கால் மணிக்குத் தனக்கு வேறொரு கூட்டம் இருப்பதை அவர் வந்ததும் வராததுமாக எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. மேசையின் கடைக்கோடியில், ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில், படம் மாற்றும் பொத்தானில் ஒரு விரலை வைத்தபடி, தலைமை நூலகரின் நூலகத்திலேயே வேலை பார்க்கும் துணை நூலகர்.

துணை நூலகரை அவள் நூலகத்தில் யாரும் பதவியைச் சொல்லி அழைப்பதில்லை. ரிஜிஸ்டர் அக்கா என்றால்தான் தெரியும். எதற்கும் ஒரு ரிஜிஸ்டர், அதில் தேதி, அதற்கு நேரே ஒரு கையெழுத்து. உடைந்த குடைக்குக்கூட அவளிடம் பக்க எண் உண்டு. மாநாட்டுக்கு வந்த இடத்திலும் அப்படித்தான். கீழே வரவேற்புக் கூடத்தில் அலமாரிகளுக்கு நடுவே தானாக உருண்டு போய்ப் புத்தகம் தேடும் இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அது கம்பளத்தின் ஓரத்தில் காலையிலிருந்து ஏழு தடவை சிக்கி நின்றதை அவள் நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

தலைமை நூலகர் எடுத்துக்கொண்ட தலைப்பு, படிக்கப்படாத நூல்களைக் கணினி கொண்டு கண்டறிதல். மனுஷர் நன்றாகப் பேசுவார். இடம் பத்தாத நூலகம், புதிதாக வாங்கிய நூல்கள் தரையில் கிடக்கின்றன, எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு நூலின் பயன்பாட்டையும் எண்ணி வைத்திருக்கும் மென்பொருளே பட்டியலைக் கொடுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டு போனார். அமர்வு ஒப்புக்கொண்டால் இதே முறை வேறு நாற்பது நூலகங்களுக்குப் போகும். அதற்கென்று இயக்ககத்தில் திறக்கப்போகும் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவராக அவர்தான் போவார் என்பது அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அரசல்புரசலாகத் தெரியும்.

ஆறாவது படம் முடிந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். ஏழாவது படம் வந்தது.

மூன்றாம் மாடி வாசிப்பு அறை, இருபத்தாறு மாத மேசைப் பயன்பாடு, துறைவாரியாக. கால்நடையும் கோழி வளர்ப்பும்: ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு. மற்ற எல்லாத் துறைகளும் சேர்ந்து: இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. ஒரு கோடு திரையின் உச்சி வரை எழும்பி நிற்க, மற்றவை தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன.

நடமாடும் நூலகக்காரர் விழித்துக்கொண்டார். "உங்க ஊர்ல மெம்பர்ஷிப் கார்டு மனுஷங்களுக்கா, கோழிங்களுக்கா?"

அறை சிரித்தது. தலைமை நூலகரும் சிரித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கள் ஊரில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்ததையும், வாசகரின் போக்கு எப்படித் திசை மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பதையும் அழகாக எடுத்துச் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. கோடு எங்கிருந்து முளைத்தது என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாம் மாடிப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு மேசையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். மாலையில் மேசைமேல் கிடப்பதை எண்ணி ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டு அலமாரிக்குத் திருப்புவது வழக்கம். மாதக் கடைசியில் இயக்ககம் கேட்பது ஒரே ஒரு எண்: மொத்தம் எத்தனை. பிறகு மென்பொருள் வந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் முதுகில் எப்போதோ ஒட்டிய கோட்டுப் பட்டையையும் ஸ்கேனர் முன்னால் காட்ட வேண்டும் என்றார்கள். மாலை ஏழு மணிக்கு மணி அடித்தால் இருபது நிமிஷத்தில் கதவைப் பூட்டியாக வேண்டும். இருப்பது அவளும் பைண்டரும். மேசைமேல் தொண்ணூறு நூறு புத்தகம். பாதிப் பட்டைகள் கைபட்டுக் கைபட்டு வெளுத்துப்போய், ஸ்கேனர் அவற்றைப் பார்த்துவிட்டு வாயே திறக்காது.

ஒரே ஒரு புத்தகம் மட்டும் சொன்ன சொல் கேட்கும். முட்டைக் கோழி வளர்ப்புக் கையேடு. அட்டை கழன்று, பைண்டிங்குக்காக மேசை ஓரத்தில் கிடந்தது. யாரும் எடுக்காததால் பட்டை புத்தம் புதுசாக இருந்தது. முதல் வாரமே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தகங்களைக் கையால் எண்ணுவது. கோழிப் புத்தகத்தை ஒருமுறை காட்டிவிட்டு, எண்ணிக்கைக் கட்டத்தில் தொண்ணூற்றிரண்டோ நூற்று மூன்றோ, அன்றைக்கு உள்ளதை அடித்துவிடுவது. மொத்தத்தில் ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை. இருபத்தாறு மாதமும் மொத்தம் சரி. மொத்தத்தைத்தானே கேட்டார்கள்.

"அடுத்தது," என்றார் தலைமை நூலகர்.

அவள் விரல் அழுத்தவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். அழுத்தினாள்.

எட்டாவது படம்: இருபத்தாறு மாதத்தில் ஒருமுறைகூடத் தொடப்படாத நூல்கள், நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. கழிவு ஆணை பெறப்பட்டது. நாளை காலை ஏழு மணிக்குக் காகித ஆலையின் லாரியில் ஏற்றப்படும்.

கழிவு என்று போன வாரம் தலைமை நூலகர் சொன்னது அவளுக்குத் தெரியும். கிழிந்ததும் இரட்டைப் பிரதியுமாக அறுநூறு நூல்களுக்குப் போன வருஷம் அவளே பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தாள். அதைத்தான் சொல்கிறார் என்று இருந்துவிட்டாள். இப்போது அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் மாடியில் மொத்தமே ஐயாயிரத்துச் சொச்சம்தான்.

பக்கத்தில் இருந்த வெளியூர் நூலகரிடம் பொத்தானைக் கொடுத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு வெளியே வந்தாள். நடையின் கோடியில் ஜன்னலருகே நின்று பைண்டருக்குப் போன் போட்டாள்.

பைண்டர் எடுத்த எடுப்பிலேயே அழாத குறை. "அக்கா, நீங்க சொல்லித்தான் கட்டறாங்கன்னுல்ல நெனச்சேன். நேத்து காலைல நீங்க கிளம்பின கையோட ஆளுங்க வந்துட்டாங்க. மூணாவது மாடி முக்கால்வாசி காலி. அந்த மோட்டார் காயில் சுத்தற புஸ்தகம்கூட மூட்டைக்குள்ள போயிடுச்சு. ஒர்க்‌ஷாப்காரர் வந்து வெறும் ரேக்கைப் பாத்துட்டு என் சட்டையைப் பிடிக்காத குறை."

நிறுத்தச் சொன்னீர்களா என்று கேட்டாள். ஒர்க்‌ஷாப்காரர் சத்தம் போட்ட பிறகு சொன்னாராம். மூட்டை கட்ட வந்த கான்ட்ராக்டர் ஆணையை எடுத்து நீட்டினாராம். இதில் கையெழுத்துப் போட்டவர் மறுபடி கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, அசல் காகிதம் கையில் வந்தால் மூட்டையை இறக்குகிறேன், போனில் யார் வேண்டுமானாலும் யார் மாதிரி வேண்டுமானாலும் பேசலாம் என்றாராம்.

ஆணையில் கையெழுத்துப் போட்டவர் இணை இயக்குநர். அவர் நாலு மணிக்கு எழுந்து போய்விடுவார். ஊர் நாலரை மணி நேரப் பயணம். பார்சல் வேன் ஓட்டும் அவள் கொழுந்தன் இந்த நகரத்துக்குச் சரக்கு இறக்க வந்திருந்தான்; மாநாட்டில் கொடுக்கும் புத்தகப் பெட்டியை ஊருக்கு எடுத்துப் போக நாலரைக்கு இந்தக் கட்டடத்தின் பின்வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். நாலரை என்றால் நாலரைதான், அண்ணிக்காகக்கூட அஞ்சு நிமிஷம் நிற்க முடியாது என்றும் சொல்லியிருந்தான்.

மணி இரண்டு ஐம்பது. அவள் நோட்டை எடுத்து வரிசையாக எழுதினாள்: கடிதம். கையெழுத்து. முத்திரை. வேன்.

தேநீர் இடைவேளைக்கு எல்லோரும் வெளியே வந்தபோது தலைமை நூலகரைத் தண்ணீர்க் குடுவைப் பக்கம் தனியே அழைத்துப் போய்ச் சொன்னாள். மூச்சு விடாமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. அவர் கையில் இருந்த காகிதக் கோப்பை சாய்ந்து தேநீர் விரலில் வழிந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பதினொரு வருஷம் உங்களை நம்பி எல்லாவற்றிலும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டேனே என்றார். வெளியூர் நூலகர்கள் எல்லாம் கூடியிருக்கும்போதா இதைச் சொல்வது என்றார். அவள் தலை குனியவில்லை. குனிந்தால் நேரம் போகும்.

"நீங்களும் ஒருநாள் பாத்தீங்க சார். நேரம் மிச்சம்னு சொன்னீங்க."

"பாத்தேன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

இல்லை. அதற்கு மட்டும் அவளிடம் ரிஜிஸ்டர் இல்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குரலை இறக்கினார். வழி இருக்கிறது என்றார். ஸ்கேனர் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டது, இயந்திரக் கோளாறு, அவ்வளவுதான். "மெஷின் மேல போட்டுருவோம். அதுக்கென்ன பென்ஷனா போகப்போகுது?"

இயந்திரத்துக்கு இல்லை. ஆனால் இயந்திரத்துக்குப் பொறுப்பாக ஒருத்தி இருந்தாள். மென்பொருள் பெண் ஜன்னல் விளிம்பில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தேநீர் ஆறிக்கொண்டிருக்க, எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்று நேற்றுச் சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். இவர்கள் பேசியது காதில் விழுந்ததோ இல்லையோ, துணை நூலகரைக் கண்டதும் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

கோழிக் கோட்டைப் பார்த்ததிலிருந்து உறுத்தலாக இருந்ததால் நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தாளாம். இருபத்தாறு மாதத்தில் எல்லா மாலையும் ஒரே புத்தகம்தான், ஒரே தடவைதான், பக்கத்தில் மொத்தமாக ஒரு எண். இருபத்து நாலு நாள் மட்டும் அப்படி இல்லை. அந்த நாட்களில் நூறு புத்தகமும் நூறு விதமாக, ஒவ்வொன்றாகப் பதிவாகியிருந்தன. அந்த இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு அங்கிருந்து வந்ததுதான்.

அந்தத் தேதிகளைத் துணை நூலகர் பார்த்தாள். இரண்டு தடவையாக அவள் விடுப்பில் இருந்த நாட்கள். மாமியாருக்குக் கண் அறுவை, பிறகு மகளின் கல்லூரிச் சேர்க்கை. பைண்டர் தனியாக இருந்து, வெளுத்த பட்டைகளைத் துடைத்துத் துடைத்து, கதவை உள்ளே சாத்திக்கொண்டு, பதிவில் இருந்த நேரப்படி எட்டு மணி வரை நின்று ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். ஒருவார்த்தை சொன்னதில்லை. மூன்றாம் மாடியில் இன்று மிஞ்சியிருப்பது அவர் அந்த இருபத்து நாலு நாளில் தொட்டவை மட்டும்.

மென்பொருள் பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். "மேடம், மூணு மாசம் முன்னாடி நான் உங்களுக்கு மெயில் போட்டேன். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வருது, சரியான்னு. மொத்தம் சரியா இருக்குன்னு பதில் போட்டீங்க. இப்ப மெஷின் கோளாறுன்னு எழுதினா, அந்த மெயிலை நான் எங்க ஆபீஸ்ல காட்டியே ஆகணும். காட்டாட்டி என் வேலை போயிடும்."

காட்டும்மா என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். அதற்குள் கைமணி அடித்துவிட்டது.

மணி மூன்று இருபது. அமர்வுத் தலைவர், கட்டுரை பற்றிக் கேள்வி உண்டா, இல்லாவிட்டால் பரிந்துரையை எழுதிவிடலாம் என்றார். தலைமை நூலகர் மேசைக்குக் கீழே கையால் பொறு பொறு என்று காட்டினார். அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது.

படத்தில் காட்டிய எண்கள் தப்பு என்றாள். மொத்தம் சரி, பிரித்தது தப்பு. நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு நூல்களும் தொடப்படாதவை அல்ல, தினம் தொடப்பட்டவை. நாளைக் காலை ஏழு மணிக்கு அவை ஆலைக்குப் போகின்றன, அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். யார் தப்பு என்பதை மட்டும் அவள் வாய் இன்னும் சொல்லவில்லை.

இணை இயக்குநர் பையின் வாரைப் பிடித்திருந்த கையை எடுத்தார். நிதானமான மனிதர், எதையும் பத்தி பிரித்துத்தான் பேசுவார்.

"ரெண்டு வழி இருக்கு. மெஷின் தப்புன்னா கம்பெனிகிட்ட எழுத்துல விளக்கம் கேக்கணும், அது வந்து சேர ஒரு வாரம். அதுவரைக்கும் என் ஆணை நிக்கும், லாரி வரும். ஊழியர் தப்புன்னா, செஞ்சவங்க கைப்பட எழுதிக் கொடுத்தா, அந்தக் காகிதத்துலயே நான் நிறுத்திடலாம். ஆனா அது அவங்க பணிப் பதிவேட்டுக்குள்ள போகும். விசாரணை வரும். எது?"

நடமாடும் நூலகக்காரர் பேனா மூடியைத் திறந்து மூடுவதை நிறுத்திவிட்டார். அவள் பணிப் பதிவேடு அவளுக்கு மனப்பாடம். இருபத்தொரு வருஷம், ஒரு சிவப்பு மை இல்லை. அடுத்த வருஷம் தலைமை நூலகர் பதவிக்கு அவள் பெயர்தான் முதலில் இருந்தது. அந்தப் பட்டியலைக்கூடப் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்திருந்தாள்.

மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒர்க்‌ஷாப்காரர் நினைவுக்கு வந்தார். செவ்வாய் வெள்ளி தவறாமல் வந்து, எண்ணெய்க் கையைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, கம்பியின் கனத்தைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு போவார். ஆற்று வெள்ளம் எந்த வருஷம் எந்தத் தெரு வரை ஏறியது என்று பழைய அறிக்கையில் தேடி, வீடு கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்த தம்பதி. நர்சிங் படிக்கிற பெண்கள் ஆறு பேர், ஒரே உடற்கூறு நூலுக்கு முறை வைத்துக்கொண்டு. அவர்கள் விட்டுப்போன புத்தகங்களைத்தான் அவள் எண்ணினாள். எண்ணிவிட்டு, எல்லாவற்றுக்கும் கோழியின் பெயரை வைத்தாள்.

"ஊழியர் தப்பு," என்றாள். "நான்தான்."

அமர்வுத் தலைவர் தம் குறிப்பேட்டிலிருந்து நாலு வெள்ளைத்தாளை உருவி மேசை நெடுக நகர்த்திவிட்டார். அது கை மாறிக் கை மாறி அவளிடம் வந்தது. உட்கார்ந்து எழும்மா, அவசரத்தில் எழுதினால் தேதி விட்டுப்போகும் என்றார்.

தேதி விடவில்லை. அனுப்புநர், பெறுநர், வழி, பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன. அதற்குப் பிறகு பேனா நின்றது. தலைமை நூலகர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, பதிவேற்றத்தில் நேர்ந்த சிறு கவனக்குறைவு என்று எழுதுங்கள், அது போதும் என்று காதோடு சொன்னார். எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்தாள். கவனக்குறைவு ஒருநாள் வரலாம். இருபத்தாறு மாதம் கவனத்தோடு செய்ததை என்னவென்று எழுதுவது? தாளை மடித்து ஒதுக்கிவிட்டு இரண்டாவது தாளை எடுத்தாள்.

"மேசையில் இருந்த நூல்களைத் தனித்தனியே பதிவு செய்யாமல், நேரம் போதாமையால், ஒரே நூலின் எண்ணில் எல்லாவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பதிவு செய்துவந்தேன். இதை அறிந்தே செய்தேன். மென்பொருளிலும் கருவியிலும் பிழை இல்லை. இது குறித்து நிறுவனம் முன்பே கேட்டபோதும் மொத்தம் சரி என்றே பதில் தந்தேன். கழிவுப் பட்டியலில் உள்ள நூல்கள் பயன்பாட்டில் உள்ளவை. நான் விடுப்பில் இருந்த இருபத்து நாலு நாட்களின் பதிவு மட்டுமே உண்மையானது. அது பைண்டர் செய்தது."

கடைசி வரி வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தாள். இருக்கட்டும் என்று விட்டாள்.

இணை இயக்குநர் நின்றபடியே படித்தார். மணி மூன்று ஐம்பத்தாறு. இது வேறு யாருக்கும் தெரியாதா என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை நூலகர் தம் கட்டுரையின் பக்கங்களை அடுக்கத் தொடங்கினார்; ஏற்கெனவே அடுக்கியிருந்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

எழுதியிருப்பது வரை என் பொறுப்பு சார் என்றாள் அவள். பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. இணை இயக்குநர் அவளையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு தாளின் மேல்பகுதியில் விரலை வைத்தார். வழி: தலைமை நூலகர் என்று இருக்கிறதே, அவர் கையெழுத்து இல்லாமல் நான் எப்படி வாங்குவது என்றார்.

தாள் தலைமை நூலகருக்கு முன்னால் போனது. அவர் பேனாவைத் திறந்தார். திறந்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலிருந்து, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பவர் மாதிரி. கதவோரம் இணை இயக்குநர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று ஐம்பத்தெட்டு. மூன்று ஐம்பத்தொன்பது. தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் துணை நூலகருக்குத் தோன்றியது.

அவர் தலை நிமிராமலே மெல்லக் கேட்டார். "என் பேரு இதுல எங்கயும் இல்லையே?"

"இல்ல சார்."

"ஏன் எழுதல?"

"எழுதினா உங்களையும் விசாரிக்கணும்பாங்க. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் லாரி நிக்காது."

அவர் பேனாவைத் தாளில் வைத்தார். வழக்கமாக அந்த இடத்தில் 'மேலனுப்பப்படுகிறது' என்ற ஒற்றைச் சொல்லை எழுதிக் கிறுக்குவார். இப்போது எழுதியது நீளமாக இருந்தது. "பரிந்துரைக்கப்படுகிறது. இந்தப் பதிவு முறையை நானும் ஒருமுறை நேரில் கண்டேன், தடுக்கவில்லை. ஆகவே ஆணையை உடனே நிறுத்த வேண்டுகிறேன்." கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டார், நேரமும் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகியபோது அது பைக்கு வெளியே நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

அவள் இணை இயக்குநரின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவர் புதிதாகச் சேர்ந்த வரியைப் படித்தார். விசாரணை ரெண்டு பேருக்கும் வரும், அது அப்புறம் என்றார். கீழே மளமளவென்று எழுதினார்: கழிவு ஆணை உடனே நிறுத்தி வைக்கப்படுகிறது. கட்டிய நூல்கள் எல்லாம் பிரித்து அவற்றின் இடத்தில் அடுக்கப்பட வேண்டும். பையிலிருந்து முத்திரையை எடுத்தார். மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. முதல் குத்து அரைநிலா மாதிரி விழுந்தது. நடமாடும் நூலகக்காரர் தம் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டார். இரண்டாவது குத்து முழு வட்டமாக, கொஞ்சம் பரவினாலும் எழுத்து தெரிகிற மாதிரி விழுந்தது. யாரும் எதுவும் சொல்வதற்குள் அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

நாலு பன்னிரண்டு. மென்பொருள் பெண் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். பிரதி இருக்கட்டும் மேடம் என்றாள். அமர்வுத் தலைவர் மாநாட்டு உறை ஒன்றைத் தேடிக் கொடுத்தார். நீளம் பத்தாத உறை. கடிதத்தை மூன்றாக மடித்தால் முத்திரை ஈரம் ஒட்டிவிடும். அவள் முத்திரைமேல் ஒரு துண்டு வெள்ளைத்தாளை வைத்து, ஊதி ஊதி ஆற்றி, பிறகு மடித்தாள். பசை காய்ந்த உறை. வரவேற்பு மேசையில் இருந்து டேப் வாங்கி வந்து வாயை ஒட்டினாள், அந்த டேப்புக்குக் குறுக்காகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

படியிறங்கிப் பின்வாசலுக்கு வந்தபோது வேன் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அண்ணியின் வெறுங்கையைப் பார்த்தான். "புஸ்தகப் பெட்டின்னீங்களே அண்ணி. இதென்ன, ஒரு கவரோட வர்றீங்க? அண்ணனுக்கு லவ் லெட்டரா?"

"உங்க அண்ணனுக்கு இத்தனை வருஷத்துல ஒண்ணும் எழுதல, இப்ப எழுதப் போறேனா," என்றாள். மூச்சு வாங்கியது. பைண்டர் அண்ணனுக்குப் போன் பண்ணிவிட்டேன், பஸ் ஸ்டாண்டில் நிற்பார், அவர் கையில் கொடு, வேறு யார் கையிலும் கொடுக்காதே, மழை வந்தாலும் சட்டைக்குள் வை, வழியில் யாருக்கும் லிஃப்ட் கொடுக்காதே என்று வரிசையாகச் சொன்னாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி சரி என்றான்.

அவள் நோட்டைத் திறந்து ஒரு கோடு கிழித்து நீட்டினாள். உறை ஒன்று, மூடி ஒட்டியது, பெற்றுக்கொண்டேன். அவன் ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டு, மணி நாலு இருபத்தெட்டு என்றும் எழுதினான். உறையைச் சட்டைக்குள் செருகிப் பொத்தானைப் போட்டான். வேன் வளைவில் திரும்பும் வரை அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.